யாழ் நூலகத்துக்காக உருகிய வேட்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் லண்டன் வார்டில் 2026 மே 7ஆம் திகதி நடக்கும் கவுன்சில் (உள்ளூராட்சி) தேர்தலில் போட்டியிடும் எல்லாக் கட்சி வேட்பாளர்களுக்கும்,

இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். உங்களில் ஒருவரைத் தவிர மற்றவர்களால் இதை வாசிக்க முடியாது. போன ஞாயிறு கோவில் மண்டபத்துக்கு வருமுன் உங்களுக்கு 'வணக்கம்' சொல்லப் பழக்கிவிட்டவர் ஒருவர் இருப்பார்தானே, அவரிடம் கொடுங்கள். அவர் வாசித்து அர்த்தம் சொல்லட்டும். கவுன்சில் அனுப்பும் கடிதங்களை இருபத்துமூன்று வருடமாக நான் எங்கள் ஆட்களுக்கு அப்படித்தான் வாசித்துச் சொல்லி வருகிறேன். ஒருதடவை நீங்களும் அந்தப் பக்கம் நின்று பாருங்கள்.

நான் வெளி லண்டனில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். மருந்து வாங்க வருகிறவர்கள் மருந்துச் சீட்டோடு ஒரு கடித உறையையும் பையிலிருந்து எடுப்பார்கள். "பிள்ளை, இதில என்ன போட்டிருக்கு எண்டு ஒருக்காப் பார்." எனக்கு ஐம்பத்தெட்டு வயது, ஆனாலும் பிள்ளைதான். வரி பாக்கி, வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியல், பள்ளிக்கூட இடம், பார்க்கிங் தண்டம், முதியோர் பராமரிப்பு. எல்லாம் அந்த உறைகளில் வரும். கவுன்சில் என்றால் என்ன என்று நான் படித்தது அந்தக் கவுண்டரில்தான். எந்தக் கவுன்சில் என்று இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும். வேறு இடத்தில் இருப்பவர்கள் வாசித்தால் தங்கள் கவுன்சிலின் பெயரைப் போட்டுக்கொள்ளட்டும், பெரிதாகப் பிசகாது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி. ஐந்து பேர் மேடையில் இருந்தீர்கள். சால்வை போர்த்தினார்கள், பொட்டு வைத்தார்கள், படம் எடுத்தார்கள். பிறகு இரண்டு மணி நேரம் பேசினீர்கள். ஒருவர் எங்கள் உழைப்பைப் புகழ்ந்தார். ஒருவர் எங்கள் தோசையைப் புகழ்ந்தார். ஒருவர் தமிழர்களுக்காகக் கவுன்சிலில் தீர்மானம் கொண்டுவருவேன் என்றார். அடுத்தவர் அதைவிடக் காட்டமான தீர்மானம் கொண்டுவருவேன் என்றார். ஒருவர் 1981ஐப் பற்றிப் பேசினார். மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு நெருப்பு வைத்ததையும், தொண்ணூற்றேழாயிரம் புத்தகங்களும் ஓலைச் சுவடிகளும் எரிந்துபோனதையும் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். நன்றாகத்தான் வாசித்தார். எனக்குப் பின்னால் இருந்த ஐயா கண்ணைத் துடைத்தார். மண்டபமே கைதட்டியது.

அந்தக் கைதட்டல் அடங்கியதும்தான் நான் எழும்பி ஒலிவாங்கியைக் கேட்டேன். எங்கள் வார்டு நூலகத்தைப் பற்றிக் கேட்டேன். ஆறு நாள் திறந்திருந்தது இரண்டு நாளாகிவிட்டதே, அதை மறுபடி திறப்பீர்களா, இல்லையா என்று. அவ்வளவுதான் என் கேள்வி.

"மிகவும் நல்ல கேள்வி" என்றீர்கள். ஐந்து பேரும். பிறகு ஒருவர் இது சிக்கலான விடயம் என்றார். ஒருவர் முந்திய நிர்வாகம் என்றார், ஒருவர் மத்திய அரசாங்கம் என்றார். மிச்ச இருவரும் தலையாட்டினார்கள். நேரமாகிவிட்டது என்று ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு போனார்கள்.

இரண்டு நூலகமும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்றை எரித்தார்கள். மற்றதன் நேரத்தைக் குறைத்தார்கள். அந்த நெருப்பு நடந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது, சாம்பல் பறந்து வந்து விழுந்த முற்றம் எங்களுடையது. அதனால் இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் கூத்துக் கட்டும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் எரிந்துபோன நூலகத்துக்காக நீங்கள் இனி எதுவும் செய்ய முடியாது. பூட்டிக் கிடக்கும் நூலகத்தின் சாவி, வென்றால் உங்கள் கைக்கு வரும். முடியாததைப் பற்றி அழகாகப் பேசினீர்கள். முடிந்ததைப் பற்றிக் கேட்டபோது நேரமாகிவிட்டது.

இதை எழுதும்போது ஒரு தயக்கம் இருக்கிறது. ஈழத்தைப் பற்றிப் பேசாதே என்று ஒரு தமிழச்சியே சொல்லலாமா என்று நாளைக்குக் கேட்பார்கள். கேட்கட்டும். என் தம்பி எங்கே என்று எங்களுக்கு இன்றைக்கும் தெரியாது. தேர்தல் முடிந்து பதினோராம் நாள் மே 18, முள்ளிவாய்க்கால் நினைவு நாள். அன்றைக்கு நான் எங்கே நிற்பேன் என்பது எனக்குத் தெரியும், அதற்கு வேட்பாளர் யாரும் வழி காட்டத் தேவையில்லை. 2025 மார்ச்சில் பிரித்தானியா இலங்கையின் முன்னாள் படைத் தளபதிகள் மூவர் மீதும் புலிகளிலிருந்து பிரிந்துபோன கருணா மீதும் தடை விதித்தது. அதைச் செய்தது வெளியுறவு அமைச்சு. எந்தக் கவுன்சிலும் அல்ல. அந்த வேலைக்கு நாங்கள் பாராளுமன்றத்துக்கு ஆட்களை அனுப்புகிறோம். 2024 ஜூலையில் உமா குமரன் ஸ்ட்ராட்போர்ட் அண்ட் போ தொகுதியில் வென்று அங்கே போயிருக்கிறார். இந்தப் பேச்சை அங்கே பேசலாம், பேச வேண்டும். கவுன்சில் தீர்மானத்தைக் கொழும்பில் யாரும் வாசிப்பதில்லை. அதற்கு ஒரு சதம் செலவும் இல்லை. அதனால்தான் ஐந்து கட்சிக்கும் அது இவ்வளவு பிடித்திருக்கிறது என்பது என் எண்ணம். பிழையென்றால் சொல்லுங்கள்.

சரி, நூலகம்.

அந்தக் கட்டிடத்தில் என்ன நடந்தது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வாசலில் இடப்பக்கம் இரண்டு தட்டு நிறையத் தமிழ்ப் புத்தகங்கள், அதற்குப் பக்கத்தில் குஜராத்தி, பிறகு போலிஷ். நடுவில் ஆறு கணினிகள். பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டில் மேசை இல்லாத பிள்ளைகள் அங்கே வந்து வீட்டுப்பாடம் செய்வார்கள். பின்னறையில் செவ்வாயும் வியாழனும் எங்கள் முதியவர்கள் கூடுவார்கள். தேத்தண்ணி, பேப்பர் வாசிப்பு, கொஞ்சம் கைகால் அசைக்கிற பயிற்சி, நிறைய ஊர்க்கதை. கவுன்சிலர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கேதான் மக்களைச் சந்திப்பார்கள். அதற்கு 'சர்ஜரி' என்று பெயர். ஒரு ஐயா அதைக் கேள்விப்பட்டுத் தன் இரத்த அழுத்த அட்டையையும் கொண்டு போய்க் காட்டினார். அந்தக் கவுன்சிலர் பாவம், அட்டையைப் பார்த்துவிட்டு உப்பைக் குறைக்கச் சொன்னாராம். இப்போது அந்தச் சந்திப்பும் இணையத்தில்தான். மின்னஞ்சல் அனுப்பி நேரம் எடுக்க வேண்டும். அந்த ஐயாவுக்கு மின்னஞ்சல் இல்லை.

மிச்ச நாலு நாளும் 'ஊழியர் இல்லாத திறப்பு' என்று சொல்கிறார்கள். அட்டையைத் தட்டி, இலக்கம் அழுத்தினால் கதவு திறக்குமாம். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளை பெரியவர் இல்லாமல் போக முடியாது. பின்னறை பூட்டு. கழிவறையும் பூட்டு. எழுபத்தைந்து வயதுக்காரரைக் கழிவறை இல்லாத இடத்தில் இரண்டு மணி நேரம் இருக்கச் சொல்லுங்கள் பார்ப்போம்.

மக்களிடம் கருத்துக் கேட்டோம் என்கிறது கவுன்சில். கேட்டார்கள்தான். இணையத்தில் ஆறு கிழமை, ஆங்கிலத்தில். வேறு மொழியில் வேண்டுமென்றால் விண்ணப்பிக்கலாம் என்று பதினாலாம் பக்கத்தில் ஆங்கிலத்திலேயே எழுதியிருந்தது. 2021 குடிசன மதிப்பீட்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழைத் தன் முதன்மை மொழி என்று எழுதியவர்கள் ஒன்றேகால் இலட்சம் பேர் அளவில் வருவார்கள். அதில் ஒரு நல்ல பங்கு நம் தெருக்களில்தான் இருக்கிறது. துண்டுப்பிரசுரம் அச்சடிக்கும்போது அது உங்களுக்கு ஞாபகம் வருகிறது. அழகான தமிழில், 'அன்பார்ந்த தமிழ் உறவுகளே' என்று தொடங்கும் பிரசுரம் என் வீட்டுக்கு மட்டும் நாலு வந்தது. கருத்துக் கேட்கும்போது அந்த மொழிபெயர்ப்பாளர் எங்கே போனார்?

லண்டன் கவுன்சில்களுக்கு முதல் தேர்தல் நடந்தது 1964 மே மாதம். பொது நூலகங்களுக்கான சட்டமும் அதே வருடம்தான் வந்தது. 'முழுமையான, திறம்பட்ட' நூலகச் சேவையைக் கொடுப்பது கவுன்சிலின் கடமை என்கிறது அந்தச் சட்டம். விரும்பினால் செய் என்று சொல்லவில்லை. இரண்டு நாள் ஊழியரும் நாலு நாள் பூட்டிய கழிவறையும் எந்த அகராதியில் முழுமை என்று எனக்கு யாராவது விளக்க வேண்டும்.

என் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இந்த விடயத்தை முடிக்க முடியாது. அம்மாவுக்கு எண்பத்துநாலு வயது. மறதி நோய். இந்த நோய் வந்தால் பிறகு கற்ற மொழி முதலில் போகக்கூடும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. முப்பது வருடம் இந்த ஊரில் பஸ் பிடித்து, கடைக்குப் போய், பக்கத்து வீட்டு ஐரிஷ் அம்மாவோடு வேலிக்கு மேலால் கதைத்த இங்கிலிஷ் ஆறு மாதத்தில் போய்விட்டது. இப்போது தமிழ் மட்டும்தான். அதிலும் என் பெயர் வருவதில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை அந்தப் பின்னறையில் தமிழ்ப் பேப்பரைக் கையில் கொடுத்தால் தலைப்புச் செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தமாக வாசிப்பா. பழைய ஆசிரியை. மற்றவர்கள் அமைதியாகக் கேட்பார்கள். ஒரு எழுத்துப் பிழை இருந்தால் நிறுத்திச் சொல்லுவா. அந்த இரண்டு மணி நேரமும் அவ நோயாளி இல்லை.

இப்போது செவ்வாய்க்கிழமை அம்மா சோபாவில் இருக்கிறா. கவுன்சில் ஏற்பாட்டில் ஒரு பராமரிப்பாளர் காலையும் மாலையும் அரை மணி நேரம் வருகிறார். நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன், ஆனால் இருவருக்கும் பொதுவாக ஒரு சொல் இல்லை. தமிழ் தெரிந்த ஒருவரைக் கேட்டேன். 'பதிவு செய்துள்ளோம்' என்று பதில். பராமரிக்கிற குடும்பத்தவருக்கும் தனி மதிப்பீடு கேட்கும் உரிமை 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தில் இருக்கிறது. இதை நான் மருந்துக்கடையில் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற ஆள். எனக்கு அந்த மதிப்பீடு நடக்கப் பதினொரு மாதம் எடுத்தது. கையில் 23,250 பவுண்ஸுக்கு மேல் சேமிப்பு இருந்தால் பராமரிப்புச் செலவை நாங்களே கட்ட வேண்டும் என்பது விதி. அந்தத் தொகை 2010இலிருந்து மாறவில்லை. இதை மாற்றுவது கவுன்சில் இல்லை, அரசாங்கம். அதையும் உங்கள் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் பின்னறைக் கதவும், பதினொரு மாதமும் உங்களுடையவை.

பணம் இல்லை என்பீர்கள். அதை நான் நம்புகிறேன், உண்மையாகவே. 2020இல் குரொய்டன் கவுன்சிலும் 2023இல் பேர்மிங்காம் கவுன்சிலும் கணக்கைச் சமப்படுத்த முடியவில்லை என்று கையை விரித்ததை நானும் வாசித்தேன். முதியோருக்கும் பிள்ளைகளுக்கும் செலவழித்து மிஞ்சுவதில்தான் தெருவிளக்கும் குப்பையும் நூலகமும் ஓட வேண்டும் என்பதும் தெரியும். லண்டன் கவுன்சில்கள் எல்லாம் சேர்ந்து வீடற்ற குடும்பங்களைத் தற்காலிக இடங்களில் வைப்பதற்கு ஒரு நாளைக்கு 40 இலட்சம் பவுண்ஸ் செலவழிப்பதாக 2024இல் கணக்குச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு! அப்படி இருப்பவர்கள் லண்டனில் ஐம்பது பேருக்கு ஒருவர். என் கவுண்டருக்கு வரும் ஒரு தாய் இரண்டு பிள்ளைகளோடு ஒரே அறையில் பதினாறு கிழமை இருந்தார். சமையலறையும் குளியலறையும் பொது. பிள்ளைகள் உள்ள குடும்பத்தை அப்படிப்பட்ட இடத்தில் ஆறு கிழமைக்கு மேல் வைக்கக் கூடாது என்பது சட்டம். அவருக்கு வந்த கடிதத்தை வாசித்துச் சொன்னது நான்தான். 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று முடிந்தது. அதை எப்படித் தமிழில் சொல்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

இந்தத் தாய் ஏன் வீடில்லாமல் போனார்? வீட்டுக்காரர் எழும்பச் சொன்னார், காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டம் இருந்தது. அந்தச் சட்டம் வரும் மே 1ஆம் திகதியோடு இங்கிலாந்தில் முடிகிறது. தேர்தலுக்கு ஆறு நாள் முந்தி. புதிய விதிகளை மீறும் வீட்டுக்காரருக்குத் தண்டம் போடும் பொறுப்பு கவுன்சிலின் கையில்தான் வருகிறது. இவ்வளவு பெரிய விடயம், உங்கள் ஐந்து பேரின் பேச்சிலும் ஒரு வரிகூட இல்லை. ஏன் இல்லை என்று எனக்கு ஓரளவு விளங்கும். மண்டபத்தில் முன்வரிசையில் இருந்தவர்களில் பாதிப்பேர் வீடு வைத்து வாடகைக்கு விடுபவர்கள். எங்கள் ஆட்கள்தான். அவர்களில் நல்லவர்கள் நிறைய. ஆனால் மூன்று அறை வீட்டில் எட்டுப் பேரை வைத்து, ஆளுக்கு அறுநூறு வாங்கி, சுவரெல்லாம் பூஞ்சணம் பிடித்தாலும் திரும்பிப் பாராதவர்களும் இருக்கிறார்கள். அந்த எட்டுப் பேரும் தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பராமரிப்பு வேலை விசாவில் வந்த பிள்ளைகள். இருமல் மருந்து வாங்க என்னிடம் வருகிறார்கள், அதனால் தெரியும். வெவ்வேறு குடும்பத்தவர் ஐந்து பேர் சமையலறையைப் பகிர்ந்து இருந்தாலே அந்த வீட்டுக்குக் கவுன்சிலின் உரிமம் வேண்டும். எட்டுப் பேர் இருக்கும் அந்த வீட்டுக்கு உரிமம் இருக்கிறதா என்று நான் கவுன்சிலுக்கு எழுதி ஏழு மாதமாகிறது.

குப்பையைப் பற்றிப் பெரிதாக எழுத மாட்டேன். ரயில்வே பாலத்துக்குக் கீழே ஒரு மெத்தை ஐப்பசியிலிருந்து கிடக்கிறது. போய்ப் பாருங்கள், படம் எடுக்க வசதியான இடம்.

இன்னொன்று. மண்டபத்தில் அவ்வளவு இளம் பிள்ளைகள் இருந்தும், நீங்களும் வாக்குப் போடலாம் என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. பிரித்தானியக் கடவுச்சீட்டு இருந்தால்தான் வாக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இலங்கையும் இந்தியாவும் பொதுநலவாய நாடுகள். அந்த நாட்டுக் குடிமக்கள் பதினெட்டு வயதாகி, இங்கே இருக்க விசாவும் இருந்தால் கவுன்சில் தேர்தலில் வாக்களிக்கலாம். பெயரைப் பதிய வேண்டும், அவ்வளவுதான். ஏப்ரல் 20 கடைசி நாள். உங்களுக்கு ஏன் இதைச் சொல்லத் தோன்றவில்லை? அந்தப் பிள்ளைகள் வாக்குப் போடத் தொடங்கினால் பூஞ்சணத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்பதாலா?

வாக்களிப்பு நிலையத்துக்குப் படம் உள்ள அடையாள அட்டை கொண்டு போக வேண்டும் என்ற விதியும் பாதிப்பேருக்கு இன்னும் சரியாகத் தெரியாது. 2024 மே மாதம் எங்கள் தெரு அக்கா ஒருவர் மருத்துவமனைக் கடிதத்தோடு போய்த் திரும்பி வந்தார். அவரின் கைப்பையிலேயே முதியோர் பஸ் பாஸ் இருந்தது. அந்த ஃப்ரீடம் பாஸே போதும் என்பது அவருக்கும் தெரியவில்லை, அவரைத் திருப்பி அனுப்பியவரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி வைத்தால் மறுபடி எழும்பிப் போகிற வயது இல்லை அது. எந்த அட்டையும் இல்லாதவர்கள் வாக்காளர் சான்றிதழ் ஒன்றை இலவசமாக எடுக்கலாம், ஏப்ரல் 28 மாலை ஐந்து மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வீடு வீடாக வந்து கதவைத் தட்டும் உங்கள் தொண்டர்கள் இதில் ஒன்றையும் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் என் பக்கத்து வீட்டு ஐயாவிடம், தபால் வாக்கு வந்தால் தாருங்கள், நானே கொண்டு போய்க் கொடுக்கிறேன் என்றார். எந்தக் கட்சி என்று இங்கே எழுத மாட்டேன். தேர்தல் வேலை செய்கிறவர்கள் மற்றவரின் தபால் வாக்கைத் தொடுவது 2024இலிருந்து குற்றம் என்பதை உங்கள் ஆட்களுக்குச் சொல்லி வையுங்கள்.

கோவில் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வரி. எந்த வேட்பாளருக்குச் சால்வை போர்த்துவது என்பது உங்கள் விருப்பம். ஆனால் 'அம்மன் அருள் பெற்ற வேட்பாளர்' என்று அறிவிப்பதை நிறுத்துங்கள். 2015இல் டவர் ஹாம்லெட்ஸ் மேயர் தேர்தலை நீதிமன்றம் செல்லாது என்று சொன்னபோது, மதத்தின் பெயரால் வாக்காளரை நெருக்கியதும் அந்தத் தீர்ப்பில் ஒரு காரணமாக இருந்தது. அம்மனை வழக்கில் மாட்டிவிடாதீர்கள்.

தம்பி, உங்களுக்குத் தனியாக ஒன்று. இதை நேரடியாக வாசிக்கக் கூடிய ஒரே வேட்பாளர் நீங்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் உங்களுக்கு 'ழ' வரவில்லை என்று நான் பத்துத் தடவை 'பழம்' சொல்லவைத்தது நினைவிருக்கும். அன்றைக்கு நீங்கள் கட்சி மேடையில் இருந்ததைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. 'எங்கட பெடியன்' என்று பின்னால் பேசிக்கொண்டார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் நான் நூலகம் என்று கேட்டபோது மேடையில் குனிந்த தலை உங்களுடையது. அந்தப் பின்னறையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உங்கள் அம்மம்மாவும் இருந்தவ. நீங்கள் வந்து கூட்டிக்கொண்டு போவீர்கள். எங்கட பெடியன் என்பதற்காக நான் வாக்குப் போடுவேன் என்று உங்கள் கட்சி நினைத்திருந்தால் அந்தக் கணக்குத் தப்பு. உங்களிடம் கூடுதலாகக் கேட்பேன், குறைவாக அல்ல.

இனி என் கோரிக்கைகள்.

நூலகத்தைப் பற்றி ஐந்து பேரும் எழுத்தில் பதில் தர வேண்டும். ஊழியரோடு எத்தனை நாள் திறப்பீர்கள், எந்த மாதத்துக்குள், பின்னறையும் கழிவறையும் அதில் அடங்குமா. திறக்க மாட்டோம் என்பது உங்கள் பதிலானால் அதையும் எழுதுங்கள், நான் மதிப்பேன். பணம் எங்கிருந்து வரும் என்றும் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக்குக் கவுன்சில் வரி இன்றைக்கும் 1991 ஏப்ரலில் அதன் பெறுமதி என்னவாக இருந்திருக்கும் என்பதை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. நான் லண்டன் வந்து இறங்கிய வருடம் அது. வரி மட்டும் வருடா வருடம் ஏறுகிறது. ஏற்றித்தான் நூலகத்தைத் திறக்க வேண்டுமென்றால் அதை நேராகச் சொல்லிக் கேளுங்கள், நான் கட்டத் தயார்.

வாடகை வீடுகளை நேரில் போய்ப் பார்க்கிற அதிகாரிகள் கவுன்சிலில் இப்போது எத்தனை பேர், மே 1க்குப் பிறகு எத்தனை பேராக்குவீர்கள் என்று சொல்லுங்கள். உரிமம் இல்லாத வீட்டைப் பற்றி முறையிட்டால் எத்தனை நாளில் பதில் வரும் என்றும் சொல்லுங்கள். முன்வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.

மறதி நோயுள்ளவர்களுக்கு அவர்களின் மொழி பேசும் பராமரிப்பாளரைத் தேடித் தருவதைக் கவுன்சில் தன் ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனையாகப் போட வேண்டும். தமிழ் பேசும் பராமரிப்பாளர்கள் எட்டுப் பேர் ஒரே வீட்டில் இருக்கும் ஊர் இது. ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள்.

வென்றால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை இணையத்தில் அல்ல, நேரில், அந்த நூலகத்தில் மக்களைச் சந்திப்போம் என்று எழுதித் தாருங்கள். தமிழ் தெரிந்த ஒருவரை நான் ஏற்பாடு செய்கிறேன். சம்பளம் வேண்டாம்.

எங்கள் வார்டில் மூன்று இடம். ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்கு. எங்கள் ஆட்களில் பலர் ஒரு புள்ளடியோடு சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வருவார்கள், மூன்று போடலாம் என்பது தெரியாது. இந்த முறை நான் கவுண்டரில் அதையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பதில்களை ஏப்ரல் 28க்குள் தந்தால் தமிழில் எழுதி, மருந்துக்கடை முதலாளியின் அனுமதியோடு கண்ணாடியில் ஒட்டுவேன். ஐந்து கட்சிக்கும் ஒரே அளவு தாள், ஒரே அளவு எழுத்து. பதில் தராதவரின் தாளில் கட்சிப் பெயர் மட்டும் இருக்கும்.

திங்கள் முதல் வெள்ளி வரை ஒன்பதிலிருந்து ஐந்தரை வரை கவுண்டரில் இருப்பேன். செவ்வாய் மத்தியானம் மட்டும் இல்லை, அம்மாவுக்குப் பேப்பர் வாசிக்கக் கொடுக்க வீட்டுக்குப் போய்விடுவேன்.

உங்கள் வார்டு வாக்காளர் ஒருத்தி